தலைத் தீபாவளி ஜோடிக்கு ஒரு நாள் மதுரை

செவ்வாய், ராத்திரி

தீபாவளி முடிந்து ஒரு நாள் ஆகிறது. வாசலில் வெடிக்காகிதம் மழையில் ஊறித் தரையோடு ஒட்டிக்கொண்டு, பெருக்கினால் வரமாட்டேன் என்கிறது.

என் தங்கச்சி மகளுக்கு இது தலைத் தீபாவளி. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் சிதம்பரம். சம்பந்தம் பேசின நாளிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். "என்ன மாப்ள, வீட்ல மதுரையா, சிதம்பரமா?" பெண்டாட்டி ராஜ்யமா, புருஷன் ராஜ்யமா என்று அர்த்தம். அவரும் பாவம், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்துவைக்கிறார்.

மத்தியானம் அதிரசத் தூக்கோடு வந்தவள், என்னை மட்டும் தனியாக மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, சனிக்கெழம ஊருக்குப் போறோம். வெள்ளிக்கெழம ஒரு நாள் நாங்க ரெண்டு பேரு மட்டும் சுத்தணும். அம்மா வேணாம், தம்பி வேணாம், வேன் வேணாம். நீங்க ஒரு பிளான் போட்டுக் கொடுங்க."

மதுரையிலேயே பிறந்து ஐம்பத்தைந்து வருடம் ஆனவனிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? தாளை எடுத்துப் பதினோரு இடம் எழுதினேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, எலெக்‌ஷன் பிரச்சாரமா?" என்றாள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தோம். அழகர்கோயில் இருபது கிலோமீட்டருக்கு மேல்; மேலே பழமுதிர்சோலை, நூபுர கங்கை என்று போனால் அரை நாள் காலி. திருப்பரங்குன்றம் முருகனுக்குக் கல்யாணம் நடந்த ஊர், புது ஜோடிக்குப் பொருத்தம்தான். ஆனால் தீபாவளி முடிந்ததும் சஷ்டிக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். விரதக்காரர்கள் கோயிலிலேயே தங்கியிருப்பார்கள், கால் வைக்க இடம் இருக்காது. கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தது. மாப்பிள்ளை படிக்கிற ஆள், உள்ளே விட்டால் வெளியே வரமாட்டார். அதனால் அது அடுத்த தடவைக்கு. காந்தி மியூசியத்தை நான் விடமாட்டேன் என்றேன். ராணி மங்கம்மாள் அரண்மனை, நேரு வந்து 1959-ல் திறந்துவைத்தது, எத்தனை விஷயம் இருக்கிறது! "ரத்தக்கறை வேட்டிய பார்த்துட்டு வெளிய வந்து கையக் கோத்துட்டு நடப்பாகளாக்கும்?" என்றாள். அடித்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜோடியாகச் சுற்ற மதுரைக்கு இதுதான் மாதம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் சித்திரையில் வருகிறார்கள். அது லட்சம் பேரோடு சேர்ந்து வேர்க்கிற மாதம். தீபாவளிக்கு முந்தின வாரம் விளக்குத்தூண், தெற்கு மாசி வீதிப் பக்கம் போனால் கையைப் பிடித்துக்கொள்வது காதலுக்காக இல்லை, தொலைந்துபோகாமல் இருக்க. தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து ஊர் சட்டென்று மூச்சு விடும். ஐப்பசி மழை வெயிலை அடக்கி வைத்திருக்கும். நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். தொல்காப்பியம் அந்தக் கூதிரைக் குறிஞ்சிக்குத்தான் கொடுத்திருக்கிறது, யாமப் பொழுதோடு சேர்த்து. குறிஞ்சிக்கு என்ன ஒழுக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

இன்னொன்று: மீனாட்சி கோயில் மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். 'ஒரே நாளில் மதுரை' என்று அட்டவணை போடுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த ஓட்டையை மறந்துவிடுகிறார்கள். ஜோடிகள் பன்னிரண்டே முக்காலுக்குக் கீழக் கோபுர வாசலில் வெந்துகொண்டு நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

நாளைக்குக் காலையில் வெள்ளோட்டம். "நம்மளே ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவமே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புடவையை எடுத்து வெளியே வைத்தாள்.

புதன், சாயங்காலம்

ஆறே காலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை தாண்டிக் கீழக்குயில்குடி. சமணர் மலை. ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

மலையடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், எதிரே தாமரைக் குளம். மழைக்குக் குளம் நிரம்பியிருந்தது. தாமரை இலை மேல் நேற்றைய மழை இன்னும் உருண்டுகொண்டிருந்தது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் இலை சாய்கிறது, மொத்தத் தண்ணீரும் ஒரே துளியாகத் திரண்டு விளிம்பு வரை ஓடி, விழாமல் நின்று, திரும்பி நடுவுக்கு வருகிறது. இதையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றோம். வயதான இரண்டு பேருக்கே பொழுது போகிறது என்றால் புதுசா கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்ல வேண்டுமா?

பாறையில் வெட்டின படிகளில் ஏறினால் பாதி வழியில் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதற்கு மேலே பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள், சமணத் தீர்த்தங்கரர்களும் பாகுபலியும். கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு முந்தினது. செதுக்கிக் கொடுத்தவர்கள் பெயரை அடியில் எழுதிவைத்திருக்கிறார்கள். மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்பொடவு. குகை வாசலையொட்டிப் பெரிய மகாவீரர் உட்கார்ந்திருப்பார்.

மழை ஈரத்தில் பாறை வழுக்கியது. பேச்சிப்பள்ளத்துக்குக் கொஞ்சம் கீழேயே வீட்டுக்காரி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க பார்த்துட்டு வாங்க, நா இங்கிட்டே இருக்கேன்." நான் மேலே போய் எட்டுப் பேரையும் பார்த்துவிட்டுத் திரும்பினபோது செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பச்சையாக விரிந்து கிடந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இங்கே வந்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எப்போதோ உறைத்திருக்க வேண்டும்.

தாளில் எழுதிக்கொண்டேன்: ஆறரைக்குள் மலையடிவாரம். பிடிமானம் உள்ள செருப்பு. குடை வேண்டாம், ஏறும்போது இரண்டு கையும் வேண்டும்.

பத்தரைக்கு மகால். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டினது. இப்போது நிற்பது அன்றைக்கு இருந்ததில் கால்வாசிதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றினபோது பிரித்துக்கொண்டு போனதில் போனது போக, மிச்சத்தை 1866-லிருந்து 1872 வரை நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்த்தார்கள். அந்தக் கால்வாசிக்கே 248 தூண். கண்ணாடிபோல் வழவழவென்று இருக்கிற சுதைப் பூச்சு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்து அரைத்தது. அதில் கைக்கு எட்டுகிற உயரம் வரைக்கும் அம்பு விட்ட இதயங்கள், ஆங்கில எழுத்து கூட்டல் ஆங்கில எழுத்து. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் காதலர்கள் மேல் துளி இரக்கம் கிடையாது.

எங்கள் தாத்தாவுக்கு இது மகால் இல்லை, கோர்ட். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கேதான் நீதிமன்றம் நடந்தது. அவர் வரப்புத் தகராறு வழக்குக்காக வருடக்கணக்கில் இந்தத் தூணில் சாய்ந்து நின்றதாகப் பாட்டி சொல்லுவாள். சினிமாவில் இந்த மண்டபத்தில் யார் ஆடினாலும் எனக்கு வாய்தா ஞாபகம்தான் வரும்.

ஆனால் மத்தியானத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் நிழல், மேலே புறா. பொறுமையாக உட்காரலாம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பத்துத்தூண் சந்து. அதே அரண்மனையின் தூண்கள் பத்து, கூரை எதுவும் இல்லாமல், ஜவுளிக்கடைகளுக்கு நடுவே பேசாமல் நிற்கின்றன. சுங்குடிச் சேலை வாங்கினால் இங்கேதான் வாங்க வேண்டும். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கின சேலை. அச்சடித்ததும் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கையால் தடவிப் பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்: முடிச்சுப் போட்டதில் புள்ளி ஒன்று போல் ஒன்று இருக்காது, விரலுக்குச் சுருக்கம் தட்டும்.

போகும் வழியில் புது மண்டபத்தைத் தாண்டினோம். "என் கல்யாண ஜாக்கெட் இங்கதான் தச்சது, ஒரே நாள்ல" என்றாள். தையல்காரர்கள், பாத்திரக்காரர்கள், புத்தகக் கடைக்காரர்கள் எல்லாரும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள். யாளிகளுக்கு நடுவில் தையல் மிஷின் சத்தம் கேட்காத புது மண்டபம் எனக்கு இன்னும் பழகவில்லை.

வியாழன், ராத்திரி பத்தே முக்கால்

சாப்பாட்டுப் பட்டியல் முழுக்கக் கெட்டது. கறி தோசை, சுக்கா, எலும்பு ரோஸ்ட் என்று ஆசையாக எழுதியிருந்தேன். வீட்டுக்காரி வாசித்துவிட்டு ஒரே வார்த்தை: "வெள்ளிக்கெழம." அதுவும் சஷ்டி நடக்கிற வாரம். ஐம்பத்தைந்து வருடத்து மதுரைக்காரன் இதை மறந்தேன் என்று வெளியே சொல்லாதீர்கள். காலையில் இட்லி, நாலு சட்னி, சாயங்காலம் பருத்திப்பால், நடுவில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, அதுவும் ஒரு கிளாஸ், இரண்டு ஸ்ட்ரா. "மழைல ஜிகர்தண்டாவா, சளி பிடிக்கும்" என்றாள். பாதாம் பிசின் சூட்டுக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் பட்டியலில் விட்டுவைத்தேன்.

இன்றைக்குப் போனது பள்ளியறை பார்க்க. நான் அடித்துச் சொல்வேன், மதுரையில் கணவன் மனைவி சேர்ந்து பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுதான்.

ஏழரைக்குச் சித்திரை வீதி. வண்டி வராத வீதி, அதனால் அங்கே நடப்பதே தனி. ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களை வெங்காயச் சருகு மாதிரி கோயிலைச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருக்கிற ஊர் இது. கிழக்கு வாசல் பக்கம் பூக்கட்டுகிற அம்மாவிடம் நின்றோம். மல்லி மொட்டை இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வைத்து, வாழைநாரை ஒரு சுற்று, கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். கண் பூவைப் பார்க்கவே இல்லை, எங்களைத்தான் பார்த்தது. "மழைக்கு மொட்டு வரத்துக் கம்மி, வெல ஏறிருச்சு." முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரு அளவு. விரல் நுனியைக் கொஞ்சம் மடக்கினதை நானும் பார்த்தேன், வீட்டுக்காரியும் பார்த்தாள். ஒரு முழம் வாங்கினேன். 2013-லிருந்து மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது என்று சொன்னேன். "அதுக்கென்ன, கூட ரெண்டு மொட்டு வப்பாகளா?" என்றாள்.

வாசலில் செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும். 2018-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோர்ட் உத்தரவில் வந்த கட்டுப்பாடு. கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, ஜோடிகளுக்கு யாரோ நல்ல மனசோடு செய்துவைத்த ஏற்பாடு மாதிரிதான் தெரிகிறது. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிற ஆளோடுதான் பேசியாக வேண்டும். தெற்குக் கோபுரம், நாலு வெளிக் கோபுரங்களில் உசந்தது, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்கு மேல் சுவாமி சன்னதியிலிருந்து பல்லக்கு கிளம்பியது. உள்ளே சொக்கருடைய பாதுகை. நாதஸ்வரம், மேளம், தீவட்டி. பல்லக்கு நேரே அம்மன் சன்னதிக்குப் போகிறது, பள்ளியறைக்கு. அம்மா ஐயாவைத் தேடிப் போவதில்லை. ஐயாதான் தினமும் ராத்திரி அம்மா வீட்டுக்கு வருகிறார். மதுரையா சிதம்பரமா என்று கேட்கிற எல்லாருக்கும் பதில் இந்தப் பல்லக்கில் இருக்கிறது. தீபாராதனை, ஓதுவார் பாட்டு. கூட்டம் பெரிதாக இல்லை. அம்மன் மூக்குத்தி ஒரு கணம் சுடர்விட்டது. திரும்பிப் பார்த்தேன், வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கற்பூரப் புகை என்றாள். இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை இதே இடத்தில் நெருக்கித் தள்ளும். சாயங்காலமே ஊஞ்சலுக்கென்று கூட்டம் வந்துவிடும். வேறு கிழமை கிடைக்கிறவர்கள் வேறு கிழமை போங்கள். இவர்களுக்கு வேறு நாள் இல்லை.

கடைசிப் பிளான்: காலை ஆறரை மலை, ஒன்பதரை இட்லி, பத்தரை மகால், பன்னிரண்டு பத்துத்தூண், மத்தியானம் ஓய்வு, நாலரை தெப்பக்குளம், ஏழு கோயில். தெப்பக்குளம் 1645-ல் வெட்டினது என்றும், அங்கே தோண்டும்போதுதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்தார் என்றும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன். வீட்டுக்காரி பேனாவை வாங்கி ஒரு வரி சேர்த்தாள்: "மாமா சொன்னதை எல்லாம் செய்ய வேண்டாம்."

வெள்ளி, ராத்திரி

முதலில் ஆறரை போனது. ஏழே முக்காலுக்குத் தங்கச்சியிடமிருந்து போன்: "மாப்ள இன்னும் சாப்புடல, எப்பிடி அனுப்புறது?" பலகாரம், இடியாப்பம், தேங்காய்ப்பால் எல்லாம் முடித்துக் கிளம்பும்போது ஒன்பதரை. மலையடிவாரத்தில் இறங்கும்போது தூறல். பத்தரைக்கு அடைமழை. மலை ஏறவே இல்லை. ஆலமரத்தடிப் பக்கம் ஒரு டீக்கடைச் சார்ப்பில் ஒதுங்கி, குளத்தில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம், நாலு டீ. செல்போனில் கூப்பிட்ட ஆட்டோ மூன்று தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. கடைசியில் டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம். இட்லிக் கடை, தெப்பக்குளம், பருத்திப்பால் எல்லாம் போயே போச்சு. இவ்வளவும் அவர்கள் ராத்திரி வந்து சொன்னதுதான். நான் பகலெல்லாம் ஜன்னலருகே நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மகாலுக்குப் போனது மூன்று மணிக்கு. முற்றத்தில் மழை கொட்டியதாம். இத்தனை வருடத்தில் நான் அங்கே மழை பார்த்ததில்லை. நாலு பக்கமும் தூண், நடுவில் மட்டும் தண்ணீர் இறங்குகிறது, புறாக்கள் எல்லாம் மேலே விளிம்பில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, சத்தம் வளைவுக்கு வளைவு எதிரொலிக்கிறது. ஐந்து மணிக்குக் காவலாளி வந்து எழுப்பும் வரைக்கும் இருந்திருக்கிறார்கள். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று தங்கச்சி கேட்டாள். வீட்டுக்காரி அவள் தொடையில் கிள்ளினாள்.

கோயிலில் நான் சொன்னபடியே நெரிசல். பல்லக்கின் மேல்பகுதி மட்டும் தெரிந்ததாம். அதைப் பற்றி மாப்பிள்ளைக்கு வருத்தம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. அவர் பேசினதெல்லாம் வெள்ளியம்பலத்தைப் பற்றி. நான் அதைப் பிளானில் எழுதவே இல்லை. சிதம்பரத்துக்காரருக்கு மதுரையில் நடராஜரைக் காட்டுவதா என்று விட்டுவிட்டேன்.

"பொறந்ததுலேர்ந்து எங்க ஊர்ல எடது கால் தூக்கித்தான் பார்த்திருக்கேன் மாமா. இங்க வலது கால். அரை மணி நேரம் நின்னுட்டேன்."

ராஜசேகர பாண்டியன் கதையைச் சொன்னேன். ஆடக் கற்றுக்கொண்டபோது உடம்பு எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்த ராஜா, எத்தனை காலம் ஒரே காலில் நிற்பீர், மாற்றி ஆடும் என்று கேட்க, மாற்றி ஆடினார்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப மதுரைக்கு வந்தா அவரே கால மாத்திக்கிட்டாரு" என்றார். வந்த நாளிலிருந்து அவராகச் சொன்ன முதல் ஜோக். சிரித்து முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, தோசைக்குச் சட்னி கேட்டார்.

சனி, மத்தியானம்

பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். கிளம்பும்போது அவள் என் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "அடுத்த வருசத்துக்கு வச்சுக்கோங்க மாமா." நனைந்து காய்ந்து நாலாக மடித்திருந்தது. ஆறரை, ஒன்பதரை எல்லாம் நீலமாக ஓடிப்போய்விட்டது. வீட்டுக்காரி எழுதின வரி பால்பாயிண்ட், அது மட்டும் அப்படியே இருக்கிறது. பின்பக்கத்தில் வேறு கையெழுத்தில் ஒரு பெருக்கல் கணக்கு. பூக்கட்டுகிற அம்மா போட்டதாம். நாலு முழம்.

வீட்டுக்காரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கணக்கை இரண்டு தடவை படித்தாள். "நாலு" என்றாள், என்னைப் பார்க்காமலே.

மழை விட்டிருக்கிறது. செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.